ஆரம்பக் கூட்டமும் அடிமண்ணும்

திருகோணமலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் துறைமுகத்தைப் பற்றியே எழுதுகின்றனர். இயற்கைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், கடற்படைத் தளம் என்று வெளியாரின் கண் எப்போதும் குடாவின் மேலேயே இருந்து வந்துள்ளது. குடாவுக்குப் பின்னே கிடக்கும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல், கந்தளாய், முதலிக்குளம் ஆகிய இடங்களின் வயல்களும், குச்சவெளிக் கரையோரத்து மணற்காணிகளும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் இம்மாவட்டத்து மக்கள் உண்பது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இரண்டு வாசல்களையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஒன்று துறைமுகம். மற்றது வயல்.

1980 முதல் சீனக்குடாவில் பிறிமா மா ஆலை இயங்கி வருகிறது. கப்பலில் வரும் கோதுமை அங்கே அரைக்கப்பட்டு நாடெங்கும் போகிறது. நமது கிராமங்களிலும் காலைச் சாப்பாடு பாணும் ரொட்டியுமாகி நெடுங்காலமாயிற்று. 2022ஆம் ஆண்டில் நாட்டில் டொலர் இல்லாமற் போனபோது மாவின் விலை எப்படி ஏறியது என்பதை எந்த வீட்டிலும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான வேளையில் கைகொடுக்க வேண்டியது நெல். அவ்வாண்டு நெல்லும் கைகொடுக்கவில்லை. முதல் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதால் 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முன்னைய பெரும்போகத்தைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்து போயிற்று. இரண்டு வாசல்களும் ஒரே நேரத்தில் அடைபட்டன.

வயலுக்கு என்ன போடுவது என்ற தீர்மானம் வயலில் நிற்பவரைக் கேளாமலே கொழும்பில் எடுக்கப்பட்டது. அதை எதிர்த்துக் கமக்காரர்கள் வீதிக்கு இறங்கியது சரியே. ஆயினும் இப்பாடத்தில் நாம் கவனிக்க விரும்புவது அதன் மறுபக்கத்தை. மண்ணைப் பற்றிய தீர்மானங்களில் சட்டப்படி நமது கையிலேயே விடப்பட்டுள்ளவை சில உண்டு. அவற்றை நாம் எடுக்கிறோமா?

கூட்டத்தில் என்ன நடக்கிறது?

பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்பு ஒவ்வொரு குளத்துக்கும் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. பெரிய குளங்களின் கூட்டத்துக்கு அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமை தாங்குவார். முதல் நீர் எப்போது திறப்பது, கடைசி நீர் எப்போது, எத்தனை மாத நெல்லினம், வாய்க்கால் துப்புரவு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும், மாடுகளை வயல்வெளியிலிருந்து எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பவை அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. அத்தீர்மானங்கள் அந்தக் குளத்தின் கீழ் செய்கை பண்ணும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். மீறுபவர் மீது வழக்குத் தொடரவும் முடியும்.

இது திடீரென்று கிடைத்த உரிமையல்ல. 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டபோது, நல்லதோடு ஒரு கெட்டதும் நடந்தது. குளக்கட்டையும் வாய்க்காலையும் கூடித் திருத்தும் வழக்கமும் அதனோடு தளர்ந்து, குளங்கள் தூர்ந்தன. அதை ஈடுசெய்யவே 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. வயற்சொந்தக்காரர் கூடிப் பெரும்பான்மையால் எடுக்கும் முடிவுக்கு அது சட்டவலுக் கொடுத்தது. 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக்குச் செய்பவரையும் உள்ளடக்கிய, தெரிவு செய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 1972இல் அவற்றின் அதிகாரம் அமைச்சர் நியமித்த குழுக்களுக்குப் போயிற்று. பின்னர் 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டம், அதற்கு 1991இல் வந்த திருத்தம், இறுதியாக 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் என்று வந்து, இன்றைய கமக்காரர் அமைப்புகள் சட்ட அங்கீகாரத்துடன் நிற்கின்றன. தெரிவும் நியமனமும் மாறிமாறி வந்த இவ்வரலாற்றில் ஒன்று தெளிவு: அதிகாரம் கீழே இறங்கிய காலங்களிலும், கூட்டத்துக்குப் போகாதவர் கைக்கு அது வரவில்லை.

இப்போது போகிறவர்களும் எதற்காகப் போகிறோம்? தண்ணீர் திறக்கும் திகதிக்கும், பசளை மானியத்துக்கும். இவ்விரண்டும் தெரிந்தவுடன் பின்வரிசை எழும்பிவிடுகிறது. மண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. "மண் என் காணி, அது என் பாடு, தண்ணீர்தான் பொது" என்பது பலருடைய எண்ணம். இந்த எண்ணம் பிழையென்பதை நாலைந்து உதாரணங்களால் பார்க்கலாம்.

வைக்கோலின் கணக்கு

ஏக்கருக்கு 80 புசல் விளைந்த வயலை எடுத்துக் கொள்வோம். புசலுக்கு 21 கிலோ என்று வைத்தால் நெல் ஏறத்தாழ 1,680 கிலோ. வைக்கோலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். குறைத்து 1,500 கிலோ என்போம். வைக்கோலில் நூற்றுக்கு 1.4 முதல் 2 வரை பொட்டாஷ் சத்து உள்ளது. ஆகவே அந்த ஏக்கரின் வைக்கோலில் 21 முதல் 30 கிலோ பொட்டாஷ் கிடக்கிறது. கடையில் வாங்கும் எம்.ஓ.பி. பசளையில் நூற்றுக்கு 60தான் பொட்டாஷ். கணக்குப் பார்த்தால் 35 முதல் 50 கிலோ எம்.ஓ.பி., அதாவது ஒரு மூடைக்குச் சற்றுக் குறைவு. நைதரசன் நூற்றுக்கு 0.5 முதல் 0.8 வரை, அது 16 முதல் 26 கிலோ வரையான யூரியாவுக்குச் சமம். இத்தனையும் அறுவடை இயந்திரம் போன மறுவாரம் ஒரு தீக்குச்சியில் முடிந்து போகிறது. எரித்தால் நைதரசன் அனேகமாக முழுவதும் புகையாகிவிடும். பொசுபரசில் காற்பங்கும், பொட்டாசில் ஐந்திலொரு பங்கும் போகும். மிச்சம் சாம்பலில் இருக்கும், ஆனால் வைக்கோல் குவிந்திருந்த இடத்திலே மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணுக்குச் சேர வேண்டிய சேதனப் பொருள் போய்விடுகிறது. நமது செங்கபில மண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் கல்லாகும். அதை இளக வைப்பது இந்தச் சேதனப் பொருளே.

அப்படியானால் எல்லோரும் ஏன் எரிக்கிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை வேறு. பச்சை வைக்கோலை உழுது மூடியவுடன் விதைத்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கு எடுத்துக் கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும். இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே முதல் உழவு உழுது வைக்கோலை ஈரத்தில் அழுக விட வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் திறக்கும் திகதியை எந்தக் கமக்காரரும் தனியே வைக்க முடியாது. திறந்து பத்தே நாளில் விதைப்பு முடிய வேண்டுமென்று கூட்டம் தீர்மானித்தால், வைக்கோலை எரிப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஆக, எரிப்பதா மூடுவதா என்ற முடிவு வயலில் எடுக்கப்படுவதற்கு முன்பே கூட்டத்தில் எடுக்கப்பட்டு விடுகிறது. அங்கே ஒருவர் எழும்பி, "முதல் உழவுக்கு மட்டும் மூன்று கிழமை முந்தி ஒரு தண்ணீர் தர முடியுமா? குளத்தில் அதற்கு நீர் உண்டா?" என்று கேட்டால், அது மண்ணைக் காக்கும் கேள்வி. நீர் இல்லையென்று பொறியியலாளர் சொல்லவும் கூடும். அப்போது வாய்க்கால் ஓரத்திலோ வரப்பிலோ வைக்கோலைக் குவித்து, சாணக் கரைசல் தெளித்து, கிளிசறியா இலை கலந்து கூட்டெருவாக்கும் வழி இருக்கிறது. மானாவாரியாகப் புழுதி விதைப்புச் செய்கிற இடங்களுக்கும் இதுவே பொருத்தம்.

பெரும்போக அறுவடைக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் மண்ணில் எஞ்சும் ஈரத்தில் பயறு விதைத்தால் 60, 65 நாளில் பிடுங்கிவிடலாம். சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள். இரண்டும் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொண்டுவருபவை. ஆனால் அறுவடை முடிந்தவுடன் மாடுகள் வெளிக்குள் இறங்கிவிடுகின்றன. ஒருவர் தனியே பயறு விதைத்தால் அது மாட்டுக்கு விதைத்ததாகும். வெளி முழுவதும் இணங்கினால்தான் ஆகும்.

இங்கே ஒரு சொல் மாட்டுக்காரருக்காகவும் சொல்ல வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பகுதித் தயிருக்குப் பால் தருகிற எருமைகளும் மாடுகளும் இந்த மாவட்டத்தின் செல்வம். விதைப்பு முடிவதற்குள் மாடுகளை அப்புறப்படுத்துங்கள் என்று கூட்டம் திகதி குறிக்கிறது. எங்கே அப்புறப்படுத்துவது? மேய்ச்சல் தரைகள் சுருங்கிவிட்டன. எஞ்சிய பலவற்றுக்கு எல்லை இடப்படவில்லை. கட்டாக்காலி மாடு என்று பிடித்துத் தண்டம் அறவிடுவதால் மட்டும் இது தீராது. அக்காலத்தில் காணிக்குள் பட்டி அடைத்து, இரவு நேரச் சாணமும் சிறுநீரும் மண்ணுக்குச் சேரும்படி செய்தனர். மாட்டுக்காரரும் வயற்காரரும் ஒரே கூட்டத்தில் இருந்து, எந்த வெளியில் எந்த மாதம் பட்டி, எந்த மாதம் பயறு என்று பேசித் தீர்த்தால் இருவருக்கும் இலாபம். மாட்டுக்காரரைக் கூட்டத்துக்கு அழைப்பதே பல இடங்களில் வழக்கமில்லை என்பதுதான் குறை.

வடிச்சல் வாய்க்காலும் உவரும்

தண்ணீர் வரும் வாய்க்காலுக்குச் சண்டை பிடிக்கும் நாம், தண்ணீர் வெளியேறும் வாய்க்காலை நினைப்பதில்லை. கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் அண்டிய தாழ்ந்த வயல்களில் உவர் ஏறுவதற்கு வடிச்சல் அடைபடுவதும் ஒரு காரணம். நீர் வடியாமல் நின்று வெயிலில் ஆவியாகும்போது உப்பு மேலே தங்கிவிடும். காய்ந்த வயலில் வெள்ளைப் பொருக்குத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. வடிச்சலை ஒருவர் மறித்து மீன்குட்டை வெட்டினாலும், மண்போட்டு வீடு கட்டினாலும், உப்பு ஏறுவது மேலே இருப்பவருடைய காணியில். வயற்காணியை நிரப்புவதற்குக் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது சட்டம். அனுமதி பெறப்பட்டதா என்று கேட்கும் உரிமை பக்கத்துக் காணிக்காரருக்கு உண்டு.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர வயல்களில் உப்பு நின்றதை நினைவு கூரலாம். வாடைக்காற்றுக் கால மழை வந்து, நீர் வடிய வழியிருந்த இடங்களில் உப்புக் கழுவுப்பட்டது. வழியில்லாத பள்ளங்களில் தங்கியது. உவரைத் தாங்கும் அட் 354 போன்ற நெல்லினங்கள் உதவும். என்றாலும் இனத்தை மாற்றி வடிச்சலை மறந்தால் ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மோசமாகும்.

ஒரே துருசின் கீழ்

இந்த மாவட்டத்தில் வாய்க்கால் இனம் பார்த்து ஓடுவதில்லை. கந்தளாய்க் குளத்து நீர் கந்தளாயிலிருந்து தம்பலகாமம், கிண்ணியா வரை சிங்கள, தமிழ், முஸ்லிம் கமக்காரரின் வயல்களுக்குப் பாய்கிறது. குளக்கோட்டன் கட்டியதென்று நாமும், அக்கபோ மன்னன் கட்டியதென்று அவர்களும் சொல்வோம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அதன் அணைக்கட்டு உடைந்தபோது வெள்ளம் எவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீடுகளும் வயல்களும் அடித்துச் செல்லப்பட்டன.

மாவிலாறு இன்னும் கசப்பான பாடம். வெருகல் ஆற்றிலிருந்து அல்லைத் திட்டத்துக்கு நீர் கொடுக்கும் அந்தத் துருசு 2006 ஜூலையில் மூடப்பட்டது. மூன்று இனத்தவருமான ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயல்கள் அதன் கீழ் இருந்தன. ஆகஸ்ட் மாதம் துருசு திறக்கப்பட்டபோது கிழக்கில் முழு அளவிலான போர் மீண்டும் தொடங்கிவிட்டிருந்தது. மூதூர் நகர முஸ்லிம்களும், மூதூர் கிழக்குத் தமிழரும் அந்த மாதங்களில் இடம்பெயர்ந்தார்கள். ஒரு துருசை யார் திறப்பது, யார் மூடுவது என்பதைத் துப்பாக்கி தீர்மானித்த காலம் அது. இன்று அதே திட்டத்தின் ஆரம்பக் கூட்டங்களில் மூன்று இனத்தவரும் ஒரு மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்த இருப்பைச் சிறிதாக எண்ணக் கூடாது. தீர்மானங்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்பது அதற்குச் செய்யும் மரியாதையாகும். புரியாத மொழியில் எழுதிய தீர்மானத்தின் கீழ் கையொப்பமிடுவது பங்குபற்றலாகாது.

வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவர் படும் பாடு தனி. தலைப்பில் இருப்பவர் தேவைக்கு மேல் பாய்ச்ச, கடைசியில் இருப்பவருக்குத் தண்ணீர் பிந்துகிறது. பிந்தி விதைத்தவருக்கு அறுவடை மழையில் அகப்படுகிறது. தலைப்பு வயலில் பசளை கழுவுப்பட்டு ஓட, கடைக்கோடி வயலில் மண் வெடிக்கிறது. சுழற்சி முறையில் நீர் பாய்ச்சும் ஒழுங்கு இரண்டு மண்ணையும் காக்கும். வட்டை விதானை நேர்மையானவராக இருப்பது ஏன் முக்கியம் என்பது கடைக்கோடிக்காரருக்கே நன்றாகத் தெரியும்.

2021இல் பார்த்தது

இரசாயனப் பசளைத் தடையைப் பற்றிச் சில கிராமங்களில் "சேதனப் பசளை தோற்றுவிட்டது" என்று பேசிக் கொள்கிறார்கள். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நமது வலயத்து நீர்ப்பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 90 கிலோ யூரியா சிபாரிசு. அதில் நைதரசன் 41 கிலோ. கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால் அதே அளவைக் கொடுக்க நான்கு தொன் கூட்டெரு வேண்டும். மூன்று ஏக்கர் செய்பவருக்குப் பன்னிரண்டு தொன். அதுவும் முதற்போகத்திலேயே முழுவதும் பயிருக்குக் கிடைத்துவிடாது. மெல்ல மெல்லவே கரையும். 2021 மே மாதம் தடை வந்து ஒக்டோபரில் பெரும்போகம். ஐந்து மாதத்தில் அவ்வளவு கூட்டெருவை எங்கே செய்வது? வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முயன்ற சேதனப் பசளையில் தீங்கான பக்ரீரியா இருப்பதாகச் சொல்லித் தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகள் அதை மறுத்தனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது; அதற்குள் விதைப்பு நடந்து முடிந்துவிட்டிருந்தது.

தோற்றது கூட்டெரு அல்ல. கேட்காமலும் ஆயத்தமில்லாமலும் ஓர் இரவில் செய்ததே தோற்றது. நமது கருத்துப்படி நெல்லுக்கு இன்றைக்குச் சிறிதளவு யூரியா வேண்டியே உள்ளது. ஒவ்வொரு போகமும் வைக்கோலையும் பசுந்தாளையும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தால் அந்த அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். 2021க்கு முன்பே பத்து ஆண்டுகள் அப்படிச் செய்திருந்த வயல் அந்தப் பெரும்போகத்தை ஓரளவு தாங்கியிருக்கும். அடுத்த தட்டுப்பாடு எப்போது வருமென்று சொல்ல முடியாது. யூரியா கப்பலில்தான் வருகிறது.

பிரதேச சபைக்கும் மண்ணுக்கும் என்ன தொடர்பு?

சந்தைக் கழிவு, மீன் கழிவு, வீட்டுக் குப்பை ஆகியவற்றில் பெரும்பங்கு அழுகக்கூடியது. பிரித்தெடுத்தால் அது எரு. பிரிக்காமல் கொட்டினால் ஈயும் நாற்றமும். தரம்பிரித்துக் கூட்டெருவாக்குவதற்கு உள்ளூராட்சி மன்றங்களுக்கு உதவும் பிலிசறு திட்டத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008இல் தொடங்கியது. நமது பிரதேச சபை என்ன செய்கிறது, எவ்வளவு கூட்டெரு விற்கிறது, அதில் கண்ணாடியும் பிளாஸ்ரிக்கும் கலந்திருக்கிறதா என்று கேட்பது நமது வேலை. குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்து மணற்காணிகளில் வெங்காயமும் மரக்கறியும் செய்பவருக்குக் கூட்டெருவைப்போல் உதவுவது வேறில்லை. மணல் தண்ணீரையும் பசளையையும் பிடித்து வைக்காது. போட்ட யூரியா கிணற்றுக்கே போய்ச் சேரும். அந்தக் கிணற்று நீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் பலரும் அறியாத ஓர் ஏற்பாடு உண்டு. நிதி, வீடமைப்பு, தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் ஆகியவற்றுக்குச் சபை குழுக்களை அமைக்க வேண்டும். அக்குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்மக்களையும் சேர்த்துக் கொள்ளலாம். நமது கமக்காரர் அமைப்பிலிருந்தோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்தோ ஒருவரைச் சுற்றாடல் குழுவில் சேர்க்கும்படி தவிசாளருக்குக் கடிதம் எழுத எவருடைய சிபாரிசும் தேவையில்லை. தகவல் மறுக்கப்பட்டால் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

2023 மார்ச் மாதம் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் பணமில்லையென்று தள்ளிப் போடப்பட்டது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அது மக்களின் உரிமையை மீறிய செயலென்று தீர்ப்பளித்தது. 2025 மே 6இல்தான் தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுக்கு மேலாகச் சபைகளை அதிகாரிகளே நடத்தினர். அந்த இரண்டாண்டிலும் குப்பை வண்டி ஓடியது, வரி அறவிடப்பட்டது. கேள்வி கேட்பதற்கு மட்டும் ஒருவரும் இருக்கவில்லை.

அயலிலும் பார்க்கலாம். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பஞ்சாயத்துகளுக்கு விடப்பட்டு, ஊர்க்கூட்டங்களிலே திட்டங்கள் தயாரிக்கப்பட்டன. 1998இல் தொடங்கிய குடும்பசிறீ அமைப்பின் பெண்கள் தரிசாகக் கிடந்த காணிகளைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாக நெல்லும் மரக்கறியும் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் நெடுவாசல் மக்கள் 2017இல் ஹைட்ரோகாபன் திட்டத்தை எதிர்த்து நெடுநாள் போராடினர். 2020இல் காவேரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட விவசாய மண்டலமாக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. நமக்குக் கிட்டவே சம்பூர் இருக்கிறது. 2006இல் இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல 2015, 2016 வரை காத்திருந்தே தம் காணிக்குத் திரும்பின. அங்கே அமையவிருந்த அனல்மின் நிலையம் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, அது கட்டப்பட மாட்டாதென்று 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. நிலக்கரிச் சாம்பலின்றி அக்காணிகளில் விதைக்க முடிகிறதென்றால், அது மனுக்கொடுத்தும் ஊர்வலம் போயும் காத்த மண்.

பெண்களைப் பற்றி ஒன்று. களை பிடுங்குவது, நாற்று நடுவது, வீட்டுத் தோட்டம், குப்பை பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில். மண் இளகியதா இறுகியதா என்பது குனிந்து களை பிடுங்கும் கைக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் காணிப் பத்திரம் ஆண் பேரில் இருப்பதால் ஆரம்பக் கூட்டத்தில் அவர்கள் குறைவு. குடியேற்றத் திட்டக் காணிகளின் வாரிசுரிமையில் ஆணுக்கு முதலிடம் கொடுத்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022இல்தான் திருத்தப்பட்டது. கந்தளாய், அல்லைக் குடியேற்றங்களில் உள்ள விதவைகளும் பெண்பிள்ளைகளும் இத்திருத்தத்தை அறிய வேண்டும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விளக்கம் கேட்கலாம்.

சங்கத்தில் செய்து பார்க்க

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தம் காணி மண்ணைக் கொண்டுவரட்டும். மண் எடுக்கும் முறை இது: காணியில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆறங்குல ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி, ஒவ்வொரு குழியின் பக்கத்திலிருந்தும் ஒரு துண்டு எடுத்து வாளியில் போட்டுக் கலக்க வேண்டும். வரப்போரம், எருக்கும்பி, வைக்கோல் எரித்த இடம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். நிழலில் உலர்த்தி அரைக் கிலோ எடுத்துக் கொண்டால் போதும். நேற்றுப் பசளை போட்ட மண் இதற்கு உதவாது.

கூட்டத்தில் கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண்ணும் மிச்சம் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும். வண்டல் சில மணித்தியாலத்தில். களி மறுநாள் வரை மிதக்கும். மேலே மிதக்கும் கறுப்புத் துணுக்குகள் சேதனப் பொருள். தலைப்பு வயலின் போத்தலையும் கடைக்கோடி வயலின் போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேச்சு தானாக வரும். எவர் வைக்கோல் எரித்தார், எவர் மூடினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். வெள்ளைப் பொருக்குள்ள காணிகளைத் தனியே குறித்து, வடிச்சல் எங்கே அடைபட்டிருக்கிறதென்று ஒரு வரைபடம் கீறுங்கள். எஞ்சிய மண்ணைக் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம்.

பெரும்போக ஆரம்பக் கூட்டங்கள் வழமையாகச் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் வருவதால் மண்ணை ஆகஸ்ட் முதற் கிழமையிலேயே எடுத்துவிட வேண்டும். கூட்டத்துக்குக் கொண்டுபோகும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் பொறுப்பெடுக்கட்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முதல் உழவுத் தண்ணீர், மாடு அப்புறப்படுத்தும் இடம், வடிச்சல் துப்புரவு ஆகிய மூன்றும் அத்தாளில் இருக்க வேண்டும். பதில் எதுவானாலும் அது கூட்ட அறிக்கையில் பதியப்பட்டதா என்று மண்டபத்தை விட்டு வெளியேறு முன் பார்த்துக் கொள்ளுங்கள்.